ஒளித்து வைக்கப்படும் தூரம்

மறுபரிசோதனைக்கு வருவோரிடம், "இப்போது எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்? ஓடவும் செய்கிறீர்களா?" என்று நாங்கள் கேட்பது வழக்கம். இக்கேள்விக்கு மக்கள் சற்றுக் கூட்டியே விடை சொல்வார்கள் என்று எவரும் எதிர்பார்ப்பர். மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடவில்லை என்றும், ஊறுகாயைத் தொட்டே பல மாதங்கள் ஆயின என்றும் கூட்டிச் சொல்லும் பழக்கம் நம்மிடையே உள்ளதுதானே. ஆனால் இதய மறுவாழ்வுப் பிரிவில் நாங்கள் காண்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. கேள்வியைக் கேட்டவுடன் நோயாளர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனைவியையோ மகனையோ ஒரு கணம் பார்க்கிறார். பிறகு, "ஏதோ, தெருமுனை வரைக்கும்" என்கிறார். எடை பார்ப்பதற்கோ இ.சி.ஜி. எடுப்பதற்கோ தனியே உள்ளே அழைக்கப்படும்போதுதான் உண்மையான தூரம் மெல்ல வெளியே வருகிறது. அதற்குள் பல தெருமுனைகள் அடங்கிவிடும்.

இந்த ஒளிவுமறைவைப் பற்றியே இவ்விதழில் எழுத விரும்புகிறோம். ஒருவர் தம் வாழ்நாளிலேயே அதிகமான தூரத்தை எதிர்பாராத விதமாக ஓடி முடித்துவிட்டு வீடு திரும்பும் காலை, அவர் வாயிற்படியில் நின்றபடியே உரக்கச் சொல்லத்தக்க காலையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. நல்ல செய்தியை மறைக்க வேண்டியிருக்கும் வீட்டில் நெஞ்சுவலியும் மறைக்கப்படும். எங்களுடைய கவலை இங்கிருந்தே தொடங்குகிறது.

பெயரும் ஊரும் தெரியாத வகையில் எழுதலாம் என்று இசைவு தந்த ஒருவரின் கதையைச் சொல்கிறோம். இரும்புக் கடை வைத்திருப்பவர், வயது 52. மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு, மறுவாழ்வுப் பயிற்சியை மூன்று மாதங்கள் ஒழுங்காக முடித்தவர். டிரெட்மில் பரிசோதனையின் முடிவைப் பார்த்த இதய மருத்துவர், ஒரு நிமிடம் மென்னோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்துவரலாம் என அனுமதித்தார். அதுவரை பேருந்தைப் பிடிப்பதற்கன்றி ஓடியறியாதவர் அவர். வீட்டருகே உள்ள பள்ளி மைதானம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 250 மீட்டர். எண்ணிக்கை தவறாமல் இருப்பதற்காகச் சட்டையின் இடப்பக்கப் பையில் ஆறு புளியங்கொட்டைகளை வைத்துக்கொள்வார். சுற்றுக்கு ஒன்றாக வலப்பக்கப் பைக்கு மாற்றுவார். ஆறும் மாறிவிட்டால் அன்றைய கணக்கு முடிந்தது.

வாரங்கள் செல்லச் செல்ல ஓட்டம் நீண்டு நடை குறைந்து, அந்த ஆறு சுற்றுகளையும் நிற்காமல் ஓடும் நிலைக்கு வந்திருந்தார். மழை விட்டிருந்த ஒரு கார்த்திகைக் காலையில் ஆறு கொட்டைகளும் வலப்பக்கம் போய்விட்டன, கால்கள் நிற்கவில்லை. மைதானம் ஈரமாக இருந்ததால் வழக்கத்தைவிட மெதுவாக ஓடியிருக்கிறார். மூச்சு வாங்கவில்லை. எனவே வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றத் தொடங்கினார். அந்த ஆறும் முடிந்தன. அதன்பின் இன்னும் இரண்டு. பதினான்கு சுற்றுகள், மூன்றரைக் கிலோமீட்டர். தம்மால் இதெல்லாம் ஆகுமென்று அவர் கனவிலும் எண்ணியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் செய்த முதல் வேலை, பால் வாங்கும் இடத்தில் கூட்டம் என்று மனைவியிடம் பொய் சொன்னது. வியர்வையில் நனைந்த சட்டையைத் தாமே அலசிப் போட்டார். அன்றைய உற்சாகத்தில் மறுநாளும் பதினான்கு சுற்றுகள் ஓடினார். அதற்கு மறுநாளும் ஓடினார். ஒரு வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் ஓரமாக வலி கண்டது. கடையில் கம்பி இடித்துவிட்டதாக வீட்டில் சொன்னார். பின்னர் ஓர் இரவு, உணவுக்குப் பின் நெஞ்சில் எரிச்சல். அதையும் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டம் வெளிப்பட்டுவிடும், மைதானம் மூடப்பட்டுவிடும் என்ற அச்சம். அந்த இரவை அவர் மாடிப்படியில் தனியே உட்கார்ந்து கழித்தார். மூன்று வாரங்கள் கழித்து எங்களிடம் தனியே சொன்னபோது உடனே இ.சி.ஜி.யும் பிற சோதனைகளும் செய்து பார்த்தோம். இதயத்தில் கோளாறு ஏதுமில்லை. இரைப்பை அமிலத்தின் வேலை. அது இதயத்திலிருந்து வந்ததாக இருந்திருந்தால், மாடிப்படியில் கழிந்த ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசை அழிவதற்கான நேரமாகியிருக்கும்.

இக்கதையில் ஆபத்தானது பதினான்கு சுற்றுகள் அன்று. அந்த மூன்று வார மௌனம்தான் எங்களை அச்சுறுத்துகிறது.

முதலில் அந்தக் காலையில் அவர் உடலுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். "திடீரென்று எப்படி இவ்வளவு தூரம்?" என்பதே வீட்டாரின் முதல் ஐயமாக இருக்கும். உண்மையில் அது திடீரென்று வந்ததன்று. ஓடத் தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. தொடர்ந்து வரும் வாரங்களில் கால் தசைகளுக்குள் நுண்ணிய இரத்த நாளங்கள் அடர்கின்றன. உயிர்வளியை எரித்து ஆற்றலாக்கும் செல்லுறுப்புகள் பெருகுகின்றன. இவை எல்லாம் ஓசையின்றி நடப்பவை. நாள்தோறும் அதே ஆறு சுற்றுகளை ஓடுகிறவருக்கு உள்ளே சேர்ந்துவரும் இருப்பு தெரிவதில்லை. காற்று குளிர்ந்து, நல்ல உறக்கமும் அமைந்து, வேகமும் குறைந்திருக்கும் ஒரு நாளில் அது வெளிப்பட்டுவிடுகிறது.

இவற்றுள் வேகத்துக்கே முதலிடம் தருவோம். ஓட்டத்தின் முதல் சில நிமிடங்கள் எவருக்கும் கடினமானவை. கால்கள் கேட்கும் உயிர்வளியை இதயமும் நுரையீரலும் கொடுத்து ஈடுசெய்வதற்கு இரண்டு மூன்று நிமிடங்கள் பிடிக்கும். புதிதாக ஓடுகிறவர் அந்த நிமிடங்களிலேயே வேகமாகப் புறப்பட்டு, மூச்சிரைத்து, தமக்கு ஓட்டம் வராது என்று முடிவுகட்டி நின்றுவிடுகிறார். மெதுவாகப் புறப்பட்டவர் அந்த வாயிலைக் கடந்துவிடுகிறார். கடந்தபின் பத்தாவது நிமிடம் மூன்றாவது நிமிடத்தைவிட எளிதாக இருப்பதைக் கண்டு வியக்கிறார். எதிர்பாராத நீண்ட ஓட்டங்கள் பலவும் மெதுவான ஓட்டங்களாகவே இருப்பதற்குக் காரணம் இதுதான். நம் இரும்புக்கடைக்காரரை அன்று காப்பாற்றியதும் ஈர மைதானமே என்று நாங்கள் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

இனி வீட்டாரின் அச்சத்துக்கு வருவோம். அதை எள்ளி நகையாட எங்களுக்கு மனமில்லை. நள்ளிரவில் ஆம்புலன்சில் உடன் வந்தவர்கள் அவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்கள். மயக்கத்திலோ மருந்திலோ இருந்த நோயாளரைவிட அவர்களே அந்த இரவை முழுமையாகக் கண்டவர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் மறுபடியும் மூச்சிரைத்து வியர்த்து வாயிலில் நின்றால், அவர்கள் கண்ணுக்கு அந்த இரவுதான் தெரியும். வியர்வையும் மூச்சிரைப்பும் மாரடைப்பின் அறிகுறிகளாயிற்றே.

அத்துடன், "அசையாமல் இருங்கள்" என்னும் சொல் வீட்டில் பிறந்ததும் அன்று. நெடுங்காலம் மருத்துவமே அதைச் சொல்லிக்கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாரடைப்பு வந்தவரை ஆறு வாரங்கள்வரை படுக்கையில் கிடத்தி, உணவைக்கூட ஊட்டிவிட்டார்கள். பாஸ்டனைச் சேர்ந்த சாமுவேல் லெவின், பெர்னார்ட் லவுன் என்ற மருத்துவர்கள் 1952இல், இத்தகையோரைத் தொடக்க நாட்களிலேயே நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதியபோது, அதுவே துணிச்சலான செயலாகக் கருதப்பட்டது. நாற்காலியில் உட்காருவது துணிச்சல்! நம் பாட்டனார் பாட்டிமார் கேட்டறிந்த மருத்துவம் அந்தக் காலத்தது. அவர்களிடமிருந்து அந்தச் சொல் நம் வீடுகளுக்கு இறங்கி வந்தது. நாற்காலியின் செய்தி அதே வேகத்தில் வந்துசேரவில்லை.

படுக்கை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் டாலஸ் நகரில் 1966இல் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். 20 வயதுள்ள நலமான இளைஞர் ஐவரை மூன்று வாரங்கள் முழுமையாகப் படுக்கையில் இருக்கச் செய்தனர். அவர்களுடைய உடல் உச்ச உழைப்பின்போது உயிர்வளியைப் பயன்படுத்தும் ஆற்றல் கால்பங்குக்கும் மேல் குறைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் திரும்ப அழைத்து அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை செய்த கேட்டைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த கேடு பெரிதாக இருந்தது. பின்னர் அவர்களுக்கு ஆறு மாதங்கள் நடை, மென்னோட்டம், மிதிவண்டிப் பயிற்சி கொடுத்ததில், முதுமையால் இழந்ததையும் மீட்டுக்கொண்டார்கள். ஐவர் மட்டுமே என்பதால் சிறிய ஆய்வுதான். எனினும் "கொஞ்ச நாள் படுத்தே இருக்கட்டும்" என்று யாராவது அன்போடு சொல்லும்போதெல்லாம் அந்த ஐவரை நாங்கள் நினைத்துக்கொள்கிறோம்.

மற்றொரு நிகழ்ச்சி கனடாவின் டொரன்டோ நகரைச் சார்ந்தது. டெரன்ஸ் கவனா என்ற மறுவாழ்வு மருத்துவர், மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு முதலில் நடை, பிறகு மெல்ல மெல்ல ஓட்டம் என்று பயிற்சி தந்துவந்தார். அவரிடம் பயின்றவர்களில் ஏழு பேர் 1973ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் கலந்துகொண்டு, 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அத்தூரத்தை முடித்தார்கள். அவர்களைப் போல நீங்களும் மாரத்தான் ஓட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை; ஒருவரும் ஓட வேண்டாம். மாரடைப்பு வந்த இதயம் உழைப்பைத் தாங்காது என்னும் எண்ணம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே வீதியில் பொய்யாக்கப்பட்டது என்பதற்காகவே சொல்கிறோம். அந்த எழுவருக்கும் திட்டமும் கண்காணிப்பும் இருந்தன. தாம் செய்வதை மருத்துவருக்குச் சொல்லிச் செய்தார்கள்.

அச்சத்தின் பக்கத்தைச் சொன்னோம். ஆரவாரத்தின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. சில வீடுகளில் நிலைமை தலைகீழ். அப்பா மூன்று கிலோமீட்டர் ஓடினார் என்றதும் மகன் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுகிறான். கைதட்டும் படங்கள் வந்து குவிகின்றன. மாமா ஒருவர், "அடுத்த ஞாயிறு ஐந்து, பொங்கலுக்குப் பத்து" என்று எழுதுகிறார். அவர் தாம் ஓடப்போவதில்லை. மகள் விலையுயர்ந்த காலணி வாங்கி வருகிறாள். பத்துக் கிலோமீட்டர் நிகழ்ச்சி ஒன்றுக்குப் பெயரும் பதிவாகிவிடுகிறது. தற்செயலாக அமைந்த ஒரு நல்ல நாள், மறுநாள் முதல் கடமையாக மாறிவிடுகிறது. இந்தக் கைதட்டலையும் நாங்கள் ஏற்பதற்கில்லை.

ஏனெனில் உடலின் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் தசையும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதங்கள் ஆகின்றன. மூச்சு "இன்னும் ஓடு" என்று சொல்லும்போது முன்னெலும்பு அதற்கு ஆயத்தமாக இருப்பதில்லை. அதன் மறுப்பும் அப்போதே கேட்பதில்லை, சில நாட்கள் கழித்தே வலியாக வருகிறது. 5,000க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வலுவூட்டுகிறது. முந்தைய முப்பது நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே ஓட்டத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டியவர்களிடம் காயங்கள் மிகுதியாக இருந்தன. இரு மடங்குக்கும் மேல் ஓடியவர்களிடம் காயம்படும் வாய்ப்பும் இரு மடங்கைத் தாண்டியது. அவர்கள் நோயாளர்கள் அல்லர், பொதுவான ஓட்டக்காரர்கள். ஆயினும் எலும்பு எலும்புதானே.

ஆகவே எதிர்பாராத நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் ஓய்வோ எளிய நடையோ போதும். அதன்பின் பழைய தூரத்துக்கே திரும்புங்கள். பதினான்கு சுற்று ஓடியவர் அடுத்த ஓட்டத்தில் ஆறே சுற்றுகள் ஓடலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை. அடுத்து வரும் வாரங்களில் ஒன்று, இன்னொன்று என்று கொட்டைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

மருந்துகளைப் பற்றியும் இரண்டொரு செய்திகள் உண்டு. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவருக்கு ஓடும்போது நாடித்துடிப்பு இயல்பான அளவுக்கு உயராது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை மட்டும் நம்பி, "துடிப்பு நூறுகூட இல்லையே, இன்னும் ஓடலாம்" என்று எண்ணிவிடக் கூடாது. இவர்களுக்கு மூச்சே நல்ல அளவுகோல். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரி. ஓரிரு சொல்லுக்கு மேல் வரவில்லையென்றால் நடைக்கு மாற வேண்டும். ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றலாம் என்பதால் கடைசி ஐந்து பத்து நிமிடங்கள் நடந்தே முடிப்பது நல்லது. நீரிழிவுக்காக இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ உட்கொள்பவர், வழக்கத்தை மீறி நெடுந்தூரம் ஓடிய நாளில் பல மணி நேரம் கழித்தும், இரவு உறக்கத்திலும்கூட, சர்க்கரை தாழ்ந்துபோக இடமுண்டு. அன்றிரவு அவரோடு படுத்திருப்பவருக்கு அவர் ஓடியது தெரிந்திருக்க வேண்டாமா? மறைப்பதன் விலை இங்கேயும் ஏறுகிறது.

ஓடும்போதோ ஓடியபின்போ நெஞ்சில் இறுக்கமோ அழுத்தமோ தோன்றினால், அது தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவினால், வழக்கத்துக்கு மாறாக மூச்சு முட்டினால், கண் இருண்டால், துடிப்பு தாறுமாறாக ஓடினால், குளிர்ந்த வியர்வை பெருகினால், அங்கேயே நிறுத்தி உட்கார வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை தரப்பட்டிருந்தால் சொல்லியபடி வைத்துக்கொண்டு, தயங்காமல் 108க்கு அழைக்க வேண்டும். "ஓடினதாலதானே வந்துச்சு" என்ற வாக்குவாதத்தை அப்போது தொடங்க வேண்டாம்.

எல்லோரும் ஓடலாம் என்று நாங்கள் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பைபாஸ் அறுவைக்குப் பின் மார்பெலும்பு கூடிவரும் வாரங்களில் இருப்பவர், இதய வால்வு மிகவும் சுருங்கியவர், இதயத் தசை தடித்தவர், பெருந்தமனி வீங்கியவர், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர் ஆகியோருக்கு மருத்துவர் வேறு வழி வகுத்திருப்பார். அவர்களுக்கு மைதானம் இல்லை என்பதால் புதிய தூரமும் இல்லை என்றாகிவிடாது. எங்கள் தாழ்வாரத்தில் நடக்கும் ஆறு நிமிட நடைப் பரிசோதனையை நீங்கள் பார்த்திருக்கலாம். 30 மீட்டர் நீளத்துக்குக் கோடிட்டு, இரு முனையிலும் கூம்பு வைத்து, ஆறு நிமிடங்களில் எத்தனை மீட்டர் என்று அளப்போம். நுரையீரல் நோயால் மூன்று முறை நின்று நின்று நடந்தவர், பயிற்சிக்குப் பின் ஒரு முறைகூட நிற்காமல் முடித்துவிட்டு, "நான்தானா?" என்று திரும்பிப் பார்ப்பதை நாங்கள் கண்டிருக்கிறோம். மாரத்தான் பதக்கத்தைவிட அந்தப் பார்வை எங்களுக்குப் பெரிது.

அந்தப் பரிசோதனையில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. நடப்பவரிடம் நாங்கள் நினைத்ததையெல்லாம் பேச முடியாது. நிமிடத்துக்கு ஒருமுறை, வரையறுத்த சொற்களை ஏற்ற இறக்கமில்லாத குரலில்தான் சொல்ல வேண்டும். ஏன் இந்தக் கண்டிப்பு? ஊக்கச் சொல் ஒன்றே தூரத்தை மாற்றிவிடும் என்பதால்தான். நாட்பட்ட நுரையீரல் நோயும் இதயச் செயலிழப்பும் உள்ளவர்களிடம் நடத்தி 1984இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், ஊக்கப்படுத்தப்பட்டவர்கள் சராசரியாக ஏறத்தாழ 30 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். மருந்தில்லை, கருவியில்லை, உடன் இருந்தவரின் வாய்ச்சொல் மட்டுமே. நோயாளரின் காலுக்கு வலுவூட்டுவதற்கு வீட்டாரிடம் இவ்வளவு பெரிய மருந்து இருக்கிறது. அதே வாய்ச்சொல் அடக்கி உட்கார வைக்கவும் வல்லது என்பதைப் பள்ளி மைதானத்துக்கு ஒளிந்து சென்று வந்தவர்கள் அறிவார்கள்.

எனவே துணையிருப்போரிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. அவர் வியர்த்து வந்து நிற்கும்போது முதல் சொல்லாகக் கோபத்தை எடுக்காதீர்கள். "எவ்வளவு தூரம்?" என்று கேளுங்கள். "பேச முடிந்ததா? எங்காவது வலித்ததா? தலை சுற்றியதா?" என்று கேளுங்கள். இவற்றுக்கான விடைகள் நன்றாக இருந்தால் மகிழ்ச்சியைக் காட்டத் தயங்காதீர்கள். பதிவு செய்யும் கைப்பேசியைச் சற்று நேரம் தள்ளி வைத்துவிட்டே காட்டுங்கள். உங்கள் அச்சத்தையும் மறைக்க வேண்டாம். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்வதும் "இனி வாசலைத் தாண்டக் கூடாது" என்று சொல்வதும் வேறு வேறு. முன்னதற்கு அவர் விடை சொல்வார்; பின்னதற்கு ஒளிந்து ஓடுவார்.

துணையிருப்போரின் சொந்த ஓட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். தாயாருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். உடன் வரும் மகள் காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தம் இடுப்பு வலியையும் உயர்ந்துவரும் இரத்த அழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டவர். எங்கள் இயன்முறை மருத்துவர் ஒருவர் சொன்னதன்பேரில், அந்த நான்கு மணி நேரத்தில் அரை மணியைப் பின்புறச் சாலையில் நடக்கச் செலவிட்டார். பின்னர் சிறிது ஓடினார். ஒரு நாள் தம்மையறியாமல் இரண்டு கிலோமீட்டரை நிற்காமல் ஓடிவிட்டு, முகம் கழுவி, தலைவாரி, ஒன்றுமே நடவாததுபோல் தாயாரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அம்மா இயந்திரத்தோடு கிடக்கும்போது நான் மட்டும் ஓடிச் சந்தோஷப்படுவதா என்று இருந்தது" என்றார் எங்களிடம்.

இந்தக் குற்றவுணர்வை நாங்கள் பலரிடம் காண்கிறோம். பெண்களிடம் மிகுதியாகக் காண்கிறோம். அதற்கு அடிப்படை இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். தாயாரைப் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைப்பது அந்த மகளின் முதுகுதான். இன்னும் பல ஆண்டுகள் வாரம் மும்முறை அவரை அழைத்து வரவேண்டியதும் அந்தக் கால்கள்தாம். டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களிடம் கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டு, அழைத்தால் பத்து நிமிடத்தில் திரும்பக்கூடிய தொலைவுக்குள் நடக்கவோ ஓடவோ செல்ல விரும்பும் துணையிருப்போர் தாராளமாகச் செல்லலாம். அம்மாவிடம் சொல்லிவிட்டே செல்லுங்கள்.

மறுவாழ்வுப் பிரிவில் தரப்படும் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்கள் நடைக்கும் ஓட்டத்துக்கும் உரியவை. நாள், தூரம், மூச்சின் நிலை, வலி இருந்ததா என்ற நான்கே கட்டங்கள். இதுவரை அவற்றை நோயாளரே நிரப்பிவந்தார். பெரும்பாலும் "தெருமுனை வரை" என்றே நிரப்பினார். இனி அந்தப் பக்கங்களை வீட்டிலிருப்பவர் கேட்டு எழுதித் தரும்படி வேண்டுகிறோம். அடுத்த மறுபரிசோதனைக்கு வரும்போது இருவரும் சேர்ந்தே உள்ளே வாருங்கள். எடை பார்க்கும் இடம்வரைக்கும்.